ஜப்பானிய சி56 மாடலைச் சயாம் பாதை எஞ்சினாக மாற்றுவது எப்படி: முதல்முறை கைவைப்பவர்களுக்கு

முதல் வண்டியின் டெண்டரில், அதாவது எஞ்சினுக்குப் பின்னால் எரிபொருளும் தண்ணீரும் சுமக்கும் பெட்டியில், நான் நிலக்கரி வைத்திருந்தேன். கடையில் வாங்கிய மாடலோடு வந்ததே நிலக்கரிதான், கறுப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த ஒரு கட்டி. அதன்மேல் அசல் கரித்தூளை ஒட்டி, என்னை நானே மெச்சிக்கொண்டு, சமையலறை மேசையில் ஓட்டிக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “தாத்தா எஞ்சினுக்கு விறகு தூக்கினேன்னுதானே சொல்வாரு. இதுல எங்கடா விறகு?” என்றார்.

தாத்தா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டியவர். 1943இல் ஜப்பானியர்கள் அவரை ரயில் பாதை வேலைக்குச் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, கொண்டுபோனார்கள். திரும்பி வந்த சிலரில் ஒருவர். அந்தக் காலத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார். பேசினால் மழை, பேதி, விறகு, இந்த மூன்றுதான் வரும். நான் மாடல் செய்ய உட்கார்ந்தபோது இதையெல்லாம் மறந்துவிட்டேன். பெட்டியில் என்ன வந்ததோ அதுவே சரி என்று நினைத்துக்கொண்டேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இதுதான். கடையில் வாங்கும் மாடல் ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு காலத்தில் ஓடிய ஒரு வண்டி. நமக்கு வேண்டிய வண்டி வேறு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேறுபாட்டைக் கண்டுபிடித்து, அதை மட்டும் மாற்றுவதுதான் வேலை.

எந்த வண்டி

சி56 ஜப்பானிய அரசு ரயில்வே 1935 முதல் 1939 வரை கட்டிய சிறிய நீராவி எஞ்சின். ஜப்பானியப் பெயரிடும் முறையில் ‘சி’ என்றால் இயக்கு அச்சு மூன்று என்று பொருள். முன்னால் ஒரு சிறு சக்கர ஜோடி, அப்புறம் மூன்று பெரிய ஜோடி. இயக்கு சக்கரத்தின் விட்டம் 1400 மில்லிமீட்டர். இதன் தனி அடையாளம் டெண்டர். அதன் மேல்பகுதியை இரண்டு ஓரமும் உள்ளே தள்ளிக் கட்டியிருப்பார்கள். கிளைப்பாதைகளில் எஞ்சினைத் திருப்பும் வசதி இருக்காது என்பதால், பின்னோக்கி ஓட்டும்போதும் ஓட்டுநருக்குப் பாதை தெரிய வேண்டும் என்ற ஏற்பாடு அது.

ஜப்பான் ரயில்வேக்காகக் கட்டிய 160 வண்டிகளில் 1 முதல் 90 வரை எண் கொண்டவற்றை, 1067 மில்லிமீட்டர் பாதையிலிருந்து 1000 மில்லிமீட்டர் பாதைக்கு மாற்றி, போர்க்காலத்தில் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் கப்பலில் அனுப்பினார்கள். ஜப்பானில் தங்கிவிட்டவை பின்னாளில் கோமி மலைப்பாதையில் ஓடி, ‘மேட்டுநிலத்துக் குதிரைக்குட்டி’ என்று செல்லப்பெயர் வாங்கின. அங்கே செல்லக்குட்டியாக இருந்த அதே எஞ்சின்தான் தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதையில் ஓடியது. கேட்டோ நிறுவனம் ‘என்’ (N) ஸ்கேல் என்ற சிறிய மாடல் அளவில் விற்பது அந்தக் கோமி பாதை உருவம். நாம் கைவைக்கப்போவது அதில்தான். வேறு நிறுவனத்து சி56 கிடைத்தாலும் சரி, வழிமுறை ஒன்றுதான்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். நம் மலாயன் ரயில்வேயில் 56ஆம் வகுப்பு என்று ஓர் எஞ்சின் உண்டு. தெமர்லோ என்று பெயரிட்ட 564.36 அந்த வகுப்புதான். அது கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் கம்பெனி கட்டியது, மூன்று சிலிண்டர், உடம்பிலும் மிகப் பெரியது. ஜப்பானிய சி56க்கும் அதற்கும் எண்ணைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை. இணையத்தில் ‘56 மலாயா’ என்று தேடினால் இரண்டும் கலந்து வரும். தவறான படத்தை வைத்து அறுக்க ஆரம்பித்தால் சில நூறு வெள்ளி போய்விடும்.

எண்ணும் நாளும்

கத்தியை எடுப்பதற்கு முன் காகிதத்தில் இரண்டு விஷயம் எழுதுங்கள்: எந்த எண் வண்டி, எந்த ஆண்டு. “சயாம்ல ஓடின சி56” என்று எழுதினால் போதாது. ஒரே வண்டி முப்பது நாற்பது வருடம் ஓடியிருக்கிறது. அதற்குள் விளக்கு மாறும், கொக்கி மாறும், நிறம் மாறும், எண்ணே மாறும். போருக்குப் பிறகு தாய்லாந்தில் தங்கிய சி56களுக்கு 701 முதல் 746 வரை புது எண் கொடுத்தார்கள். சி5631, அதாவது சி56 வகையில் 31ஆம் வண்டி, 725 ஆனது. சி5644 என்பது 735 ஆனது. ஆகவே ஜப்பானிய எண்பலகையை மாட்டிவிட்டு, 1960களின் தாய்லாந்துப் படத்தைப் பார்த்து மற்ற உறுப்புகளை ஒட்டினால், எந்த நாளிலும் இருந்திராத ஒரு வண்டி உங்கள் கையில் இருக்கும்.

புதியவர்களுக்கு நான் சொல்வது சி5631. காரணம் எளிது: படங்கள் நிறையக் கிடைக்கும். 1943 அக்டோபர் 17ஆம் தேதி இரு பக்கப் பாதையும் கொன்கோய்த்தாவில் சேர்ந்தது. 25ஆம் தேதி திறப்பு விழா நடந்தது. விழாவில் பங்கெடுத்த வண்டி இது. 1979இல் ஜப்பானுக்குத் திரும்பியது, இப்போது தோக்கியோவில் யாசுகுனி ஆலயத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதே ஆண்டு திரும்பிய சி5644 ஒய்காவா ரயில்வேக்குப் போய் மறுபடி பயணிகளை இழுத்தது.

ஆனால் அருங்காட்சியகத்தில் இருப்பது 1943 வண்டி அல்ல, சீர்படுத்தி மினுக்கி வைத்த வண்டி. சக்கரம், கொதிகலன், ஓட்டுநர் அறை ஆகியவற்றின் வடிவத்துக்கு அந்தப் படங்களை நம்புங்கள். நிறம், அழுக்கு, சுமை ஆகியவற்றுக்குப் போர்க்காலக் கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடுங்கள். நான் என் வண்டிக்கு எழுதிக்கொண்டது: ‘சி5631, 1943 கடைசி, சாதாரண வேலை நாள்’. விழா நாள் எனக்கு வேண்டாம்.

படத்தை மாடல் அளவுக்குக் கொண்டுவருதல்

ஜப்பானிய ‘என்’ ஸ்கேல் நீராவி எஞ்சின்கள் 1:150, அதாவது அசலில் நூற்றைம்பதில் ஒரு பங்கு. அசல் வண்டி பதினான்கு மீட்டருக்குச் சற்று மேல், ஆகவே மாடல் ஒன்பதரை சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு சுண்டுவிரலும் அரையும். பக்கவாட்டுப் படம் ஒன்றை எடுத்து, அச்சிட்டால் மாடலின் நீளம் வரும்படி பெரிதாக்கியோ சிறிதாக்கியோ அச்சடியுங்கள். பட்டணத்து நகல் கடையில் சொன்னால் செய்து தருவார்கள். முழு நீளத்தை வைத்துச் சரிபார்க்காதீர்கள், கொக்கிகளின் நீளம் ஏமாற்றும். முதல் இயக்கு சக்கரத்தின் நடுவிலிருந்து கடைசி இயக்கு சக்கரத்தின் நடுவரை அளந்து சரிபாருங்கள். சக்கர இடைவெளி பொய் சொல்லாது.

அச்சடித்த படத்தின் மேல் மாடலை வைத்து மூன்று நிறப் பேனாவால் குறியுங்கள். சிவப்பு: எடுக்க வேண்டியது. பச்சை: சேர்க்க வேண்டியது. நீலம்: வேறுபாடு இருக்கிறது, ஆனால் விட்டுவிடலாம். இந்த நீலம் முக்கியம். முதல் வண்டியிலேயே எல்லாவற்றையும் திருத்த நினைத்தால் எதுவும் முடியாது. என் காகிதத்தில் நீலம் பதினொன்று, சிவப்பு ஆறு, பச்சை நான்கு.

மேசை

வேண்டியது அதிகமில்லை. கூர்மையான ஓல்ஃபா கத்தி, சாமணம், பிளாஸ்டிக் வெட்டும் சிறு கட்டர், 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை துளையிடும் ஊசிகளோடு ஒரு கைத் துளைப்பான், 400, 800, 1000 எண் சேண்ட் பேப்பர், தாமியா ஒட்டுநாடா, மெல்லிய பிளாஸ்டிக் தகடும் பட்டைகளும், 0.3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி. கத்தியும் சேண்ட் பேப்பரும் பெரிய தெருவில் உள்ள இரும்புக்கடைத் தவுக்கேயிடமே கிடைக்கும். மற்றவற்றுக்கு ஈப்போவுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் இணையத்தில் வாங்க வேண்டும். வெள்ளைத் துண்டு ஒன்றை மேசையில் விரித்துக்கொள்ளுங்கள். கீழே விழும் உறுப்பு அதில் தங்கும், தரையில் உருண்டு போகாது. மேசைக்கு மேல் காற்றாடி சுற்றக் கூடாது. வியர்த்தாலும் பரவாயில்லை, கைப்பிடிக் கம்பி ஒன்று பறந்தால் அது போனதுதான்.

பிரிப்பதற்கு முன் ஓட்டுங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள் பலர். புது மாடலை வட்டப்பாதையில் முன்னும் பின்னும் கால் மணி நேரம் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வளைவில் தடம் புரள்கிறதா, ஒரு பக்கம் திக்குகிறதா என்று கவனியுங்கள். குறை இருந்தால் கடைக்குத் திருப்பலாம். கத்தி பட்ட பிறகு யாரும் வாங்கமாட்டார்கள். எனக்கு அப்படி ஒன்று நடந்தது. விளக்கை அறுத்த பிறகுதான் வண்டி பின்னோக்கி நகராது என்று தெரிந்தது. விற்றவரிடம் கேட்க எனக்கே வாய் வரவில்லை.

அப்புறம் பிரியுங்கள். பெட்டியில் வரும் விளக்கத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். மேலுடம்பு, டெண்டர் மேற்பகுதி, சக்கரச்சட்டம் என மூன்றாகப் பிரிந்தால் போதும். மோட்டாரையும் இயக்கு கம்பிகளையும் தொடாதீர்கள். சக்கரச்சட்டத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி அலமாரியில் வைத்துவிடுங்கள். சேண்ட் பேப்பர் தூள் பல்சக்கரத்துக்குள் போனால் பிறகு வண்டி முனகிக்கொண்டேதான் ஓடும்.

எடுப்பது

கோமி உருவத்தில் இருக்கும் பலவும் பின்னாளில் வந்த ஜப்பானிய ஏற்பாடுகள். எண்பலகைகள் போக வேண்டும். துணை விளக்கு இருந்தால் போக வேண்டும். பனி தள்ளும் கலப்பை பொருத்தியிருந்தால் அதுவும் போக வேண்டும். சயாமில் ஏது பனி? புகைபோக்கியின் இரு பக்கமும் நிற்கும் புகை விலக்கும் தகட்டை மட்டும் அவசரப்பட்டு அறுக்காதீர்கள். நீங்கள் எடுத்துக்கொண்ட எண்ணின் படத்தில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ‘வெளிநாட்டு வண்டியில் இருக்காது’ என்று பொத்தாம்பொதுவாக யாராவது சொன்னால் படத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

அறுக்கும் முறை இது. தனியாகச் செருகிய உறுப்பாக இருந்தால், உள்பக்கத்திலிருந்து ஊசியால் மெதுவாகத் தள்ளினால் கழன்று வரும். உடம்போடு சேர்த்து வார்த்ததாக இருந்தால், உடம்பை ஒட்டி வெட்டாதீர்கள். அரை மில்லிமீட்டர் மேடு விட்டு வெட்டுங்கள். மீதியை முதலில் 400, பிறகு 800 தாளால் தேயுங்கள். தாளை ஐஸ்கிரீம் குச்சியின் நுனியில் ஒட்டிக்கொண்டால் பக்கத்து ஆணிவரிசை தப்பிக்கும். கழன்ற இடத்தில் துளை இருந்தால், பிளாஸ்டிக் குச்சி ஒன்றை மெழுகுவர்த்தியின் மேல் சூடாக்கி நூல்போல் இழுத்து, அதைத் துளையில் செருகிப் பிளாஸ்டிக் பசை ஒரு துளி விட்டு, மறுநாள் தேய்த்துவிடுங்கள். துளை அடைக்கும் பட்டியால் (putty) நிரப்பினால் காய்ந்த பிறகு குழி விழும். உருகி ஒட்டிய பிளாஸ்டிக் விழாது.

முதல் அறுவையைப் புது வண்டியில் செய்யாதீர்கள். உடைந்த, ஓடாத பழைய மாடல் ஏதாவது மலிவாகக் கிடைத்தால் வாங்கிப் பழகுங்கள். கிடைக்காவிட்டால் பிள்ளைகளின் பழைய பிளாஸ்டிக் லோரி ஒன்று போதும்.

விறகு

இனி அம்மா கேட்ட கேள்விக்கு வருவோம்.

விறகு எரிக்கும் எஞ்சினுக்கு நிலக்கரி எஞ்சினைவிட அதிக இடம் வேண்டும். ஒரே எடைக்கு விறகில் வெப்பம் குறைவு, கொள்ளளவும் அதிகம். அதனால் டெண்டரின் விளிம்புக்கு மேலேயும் அடுக்குவார்கள், சரியாமல் இருக்கச் சுற்றிலும் சட்டம் கட்டுவார்கள். சி56 டெண்டரின் ஓரங்கள் உள்ளே தள்ளியிருப்பதால் நிழலுருவமே மாறிவிடும். ஜப்பானில் தாழ்ந்து ஒடுங்கிப் பின்பார்வைக்கு வழிவிட்ட டெண்டர், சயாமில் முதுகில் மூட்டை ஏற்றியதுபோல் நிற்கும். வேறு எந்த மாற்றமும் செய்யாமல் இதை மட்டும் செய்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு இது வேறு வண்டி.

முதலில் அடித்தளம். டெண்டரில் இருக்கும் பிளாஸ்டிக் நிலக்கரியைக் கழற்றுங்கள். ஒரு காகிதத்தை டெண்டர் வாயில் வைத்துப் பென்சிலால் விளிம்பைத் தேய்த்தால் அச்சு விழும். அந்த அளவுக்கு அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, உள்ளே இலகுவாக விழுந்து எழும்படி தேயுங்கள். விறகுச் சுமை முழுவதையும் இந்தத் தகட்டின்மேல்தான் கட்டப்போகிறோம், டெண்டரில் நேரடியாக ஒட்டப்போவதில்லை. நாளைக்கு உள்ளே பழுது வந்தால் ஒரே கையால் தூக்கிவிடலாம். டெண்டர் சக்கரம் வழியாக மின்சாரம் எடுக்கும் மாடலில் கீழே தகடுகள் இருக்கும், பசை அங்கே வழிந்தால் வண்டி நின்றுவிடும்.

தகட்டின் நடுவில் மெத்துப் பஞ்சுத் துண்டு ஒன்றை, சுமையின் உயரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் குறைவாக வெட்டி ஒட்டுங்கள். வெளியே தெரியும் விறகை மட்டும்தான் அடுக்கப்போகிறோம்.

இனி விறகு. சத்தே குச்சியை வெட்டிப் பார்த்தேன், தடிமன் அதிகம். பல்குத்தும் குச்சி அளவு சரி, ஆனால் மரக்கட்டை போலத் தெரியாது, எல்லாம் ஒரே மாதிரி உருண்டை. கடைசியில் கிடைத்தது வீட்டுப் பின்கட்டில் சாய்ந்திருந்த விளக்குமாறு. தென்னை ஈர்க்கின் நடுப்பகுதி சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமன். 1:150இல் அது 15 சென்டிமீட்டர் கட்டை. நுனிப்பக்கம் போகப் போகச் சிறுக்கும், ஆகவே பெரியதும் சிறியதுமாகக் கலந்து கிடைக்கும். ஒரு மீட்டர் விறகு என்றால் துண்டின் நீளம் 6.7 மில்லிமீட்டர். பழைய விளக்குமாறாக இருக்கட்டும், பச்சை ஈர்க்கு உலரும்போது சுருங்கி அடுக்கைக் கலைத்துவிடும்.

ஈர்க்கை வெட்டுவதற்கு முன் நிறமேற்றுங்கள். கெட்டியாகக் கலந்த கோப்பி ஓவில் ஓர் இரவு ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, அதன்பிறகு துண்டு போடுங்கள். பட்டைப் பக்கம் இருண்டும், வெட்டு முகம் வெளிறியும் இருக்கும். வெட்டிய விறகு அப்படித்தானே இருக்கும். வெட்டிவிட்டு ஊறவைத்தால் முகமும் கறுத்து, தீக்குச்சிக் குவியல் மாதிரி ஆகிவிடும். ஒரே நீளம் வருவதற்கு, ஐஸ்கிரீம் குச்சியின் குறுக்கே ஒரு சிறு கட்டையை ஒட்டி, அதிலிருந்து 6.7 மில்லிமீட்டரில் ஒரு கோடு கீறுங்கள். ஈர்க்கைக் கட்டையில் முட்டவைத்துக் கோட்டில் வெட்டிக்கொண்டே போகலாம். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்யும் வேலை. எனக்கு 130 துண்டுக்கு மேல் பிடித்தது. சில துண்டுகளைக் கத்தியால் நெடுக்காகப் பிளந்து பாதிக் கட்டையாக்குங்கள். எல்லாம் முழு உருண்டையாக இருந்தால் நம்பும்படி இருக்காது.

அடுக்கும்போது வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, ஓரத்திலிருந்து தொடங்குங்கள். சுற்று வரிசையை நேராக அடுக்குங்கள், நடுவிலும் ஓட்டுநர் அறைப் பக்கமும் கொஞ்சம் தாறுமாறாக இருக்கட்டும். எரிக்க எடுக்கும் பக்கம் அதுதான், அங்கே சுமை சரிந்து இறங்கியிருக்கும். சட்டத்துக்கு 0.3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியோ மெல்லிய பிளாஸ்டிக் பட்டையோ போதும். எத்தனை நிலைச்சட்டம், எத்தனை குறுக்குச்சட்டம் என்பதைப் படத்தை எண்ணித்தான் வைக்க வேண்டும். என் முதல் சட்டத்தில் ஏழு நிலைச்சட்டம் வைத்தேன், அழகாக இருந்தது. நான் பார்த்துச் செய்த படத்தில் ஐந்துதான். பிய்த்தேன்.

முன்பக்கமும் கொக்கியும்

சில சி56களின் முன்னால் தாய்லாந்து நாட்களில் மாடு தள்ளும் கம்பிக்கூடு மாட்டியிருக்கிறார்கள். உங்கள் ஆண்டின் படத்தில் இருந்தால் மட்டும் செய்யுங்கள். பிளாஸ்டிக் பட்டைகளை ஒரு அட்டையில் வரைந்த விசிறி வடிவத்தின்மேல் ஒட்டி, காய்ந்ததும் எடுத்துப் பொருத்தலாம். வளைவில் முன்சக்கரம் பக்கவாட்டில் அசையும், அது கூட்டில் இடிக்காமல் இருக்கிறதா என்று கையால் நகர்த்திப் பாருங்கள். கொக்கியைப் பொறுத்தவரை என் சொந்தக் கருத்து: வண்டி இழுக்க வேண்டும் என்றால் பின்கொக்கியை மாடலில் வந்தபடியே விடுங்கள். முன்கொக்கியை மட்டும் படத்துக்கு மாற்றுங்கள்.

பாதையின் அகலத்தைப் பற்றி யாராவது உங்களிடம் வாதம் செய்வார்கள். ‘என்’ ஸ்கேல் தண்டவாளத்தின் அகலம் 9 மில்லிமீட்டர். 1:150இல் அது 1350 மில்லிமீட்டர் பாதையாகிறது. ஜப்பானுக்கே அது அகலம், சயாமுக்கு இன்னும் அகலம். மீட்டர் பாதைக்குச் சரியான அளவு 6.67. இன்னும் சிறிய ‘இசட்’ (Z) ஸ்கேலின் 6.5 மில்லிமீட்டர் தண்டவாளம் கிட்டத்தட்ட பொருந்தும், அதில் ஓட்டச் சக்கரச்சட்டத்தை முழுவதும் புதிதாகக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். முதல் வண்டியில் அது வேண்டாம். நீலப் பேனாவால் குறித்துவிட்டு நகருங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

பெயின்ட்

மேலுடம்பில் மூல நிறமும் அச்செழுத்தும் போக வேண்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள், மருந்துக்கடையில் கிடைக்கும். நக பாலிஷ் அழிக்கும் திரவத்தைத் தொடவே தொடாதீர்கள். அதில் இருக்கும் அசிட்டோன் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். என் அக்காள் மகளின் மேசையிலிருந்து அவசரத்துக்கு எடுத்ததில் ஓர் ஓட்டுநர் அறையின் கூரை கஞ்சிபோல் குழைந்தது.

நம் ஊர் ஈரப்பதத்தைப் பற்றி ஜப்பானிய விளக்கத்தாள் ஒன்றும் சொல்லாது. தெளிப்புப் பெயின்டில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதில் படியும். கறுப்பு, பால் ஊற்றியதுபோல் வெளுத்துப்போகும். பிற்பகல் மழைக்கு முன் மேகம் கூடி இறுக்கமாக இருக்கும் நேரம் மோசமான நேரம். காலை வெயில் ஏறி வாசல் சிமெண்ட் காய்ந்த பிறகு, பத்து பதினோரு மணிக்குத் தெளியுங்கள். டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நிற்கவைத்தால் தெளிப்பு சீராக வரும். கொதிநீரில் வைத்தால் வெடிக்கும். தூரத்திலிருந்து, மெல்லிய படலமாக, மூன்று முறை.

முதலில் சாம்பல்நிறப் பிரைமர். அது காய்ந்ததும் அறுத்த இடங்கள் எல்லாம் காட்டிக்கொடுக்கும், திரும்பத் தேய்த்துத் திரும்ப அடியுங்கள். அப்புறம் நிறம். முழுக் கறுப்பு அடிக்காதீர்கள். சின்ன மாடலில் முழுக் கறுப்பு ஓட்டை மாதிரித் தெரியும், விவரம் எல்லாம் விழுங்கிவிடும். கொதிகலனுக்குத் தாமியாவின் எக்ஸ்எஃப்-85, அதன் பெயரே ‘ரப்பர் கறுப்பு’. தோட்டத்துப் பிள்ளைகள் இதை விட்டு வேறு எதை வாங்குவது? கொதிகலனின் முன்முனையான புகைப்பெட்டிக்கும் புகைபோக்கிக்கும் எக்ஸ்எஃப்-1 மங்கல் கறுப்பு. ஓட்டுநர் அறைக் கூரைக்கு எக்ஸ்எஃப்-63 ஜெர்மன் சாம்பல். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போதுதான் மூன்று என்று தெரியும், தள்ளி நின்றால் ஓர் உழைத்த எஞ்சின்.

அழுக்கு இறுதியில். மங்கல் வார்னிஷ் அடித்து, காய்ந்ததும் பழுப்பு, சாம்பல் நிறச் சாக்பீஸ்களைச் சுரண்டித் தூளாக்கி மெல்லிய தூரிகையால் தடவுங்கள். விறகு எரிக்கும் எஞ்சினில் வெளிறிய சாம்பல் படியும். ஆகவே புகைப்பெட்டிக் கதவின் அடியிலும் நடைபலகையிலும் சாம்பல்நிறம் அதிகமாக இருக்கட்டும். தோட்டத்துச் செம்மண்ணையே எடுத்துத் தூவலாமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. அதில் மணல் இருக்கிறது, சக்கரத்துக்குப் போனால் பல்சக்கரத்தை அரைத்துவிடும். காட்சிக்கு வைக்கும் நிலப்பரப்பில் வேண்டுமானால் போடுங்கள், அதையும் பசையால் இறுக்கிய பிறகு.

எண்ணும் சேர்ப்பதும்

எண்பலகைக்குச் செதுக்கிய உலோகப் பலகைகள் விற்கிறார்கள். உங்கள் எண் கிடைக்காவிட்டால் தண்ணீரில் நழுவும் டீகால் தாளில் அச்சடித்து, மெல்லிய பிளாஸ்டிக்கில் ஒட்டி, விளிம்போடு வெட்டுங்கள். முன்பக்கம் ஒன்று, ஓட்டுநர் அறையின் பக்கங்களில் ஒவ்வொன்று, டெண்டரின் பின்னால் ஒன்று. ஒட்டும்போது சூப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி சுற்றிலும் வெண்படலம் பூசும். ஜன்னல் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போகவே கூடாது. வெள்ளைப் பசையே போதும்.

எல்லாம் காய்ந்த பிறகு எடுத்த படங்களைப் பின்னிருந்து முன்னாகப் பார்த்துச் சேருங்கள். முதல் ஓட்டம் விறகுச் சுமை இல்லாமல், இரண்டாவது சுமையோடு. வளைவில் விறகுச் சட்டம் ஓட்டுநர் அறைக் கூரையில் முட்டினால் சட்டத்தின் முன்விளிம்பை அரை மில்லிமீட்டர் தேயுங்கள். எனக்கு முட்டியது.

ஒரு வாரம் கழித்து விறகை மறுபடி பாருங்கள். பசை முழுவதும் இறுகும்போது அடுக்கு கொஞ்சம் இறங்கி, மேல்பக்கத்தில் பஞ்சு எட்டிப் பார்க்கும். அதற்காகவே இருபது துண்டு மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். என் வண்டியில் அந்த இருபதையும் அம்மா அடுக்கினார். சாமணம் வேண்டாம் என்று சொல்லி, விரலாலேயே.